செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் மாணவர் நலக் கேள்வித்தாள்: எடுத்துக்கொள்ளலாமா?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளி மேலாண்மைக் குழு கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "பிள்ளைக ரொம்பக் கெட்டுப் போச்சுக. போனு, பைக்கு, பாக்கு." கவலை நியாயமானது. ஆனால் எந்த வகுப்பில், எத்தனை பேரிடம், இரண்டு வருடத்துக்கு முன்பை விடக் கூடுதலா குறைச்சலா என்று ஒருவர் எழுந்து கேட்டால், பதில் சொல்ல யாரிடமும் ஒரு எண்கூட இருக்காது. 2022 முதல் தமிழகப் பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் இயங்குகின்றன. பேரணியும் உறுதிமொழியும் நடக்கின்றன. எதைக் குறிவைத்து நடத்துகிறோம், நடத்தியதால் ஏதாவது மாறியதா என்று பார்க்கத்தான் கருவி இல்லை.

கருவி இருக்கிறது, அதுவும் காசில்லாமல். உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்க அரசின் சி.டி.சி. என்ற நோய்த்தடுப்பு மையமும் சேர்ந்து உருவாக்கிய பள்ளி மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பு, சுருக்கமாக ஜி.எஸ்.எச்.எஸ். 2003-ல் தொடங்கி 100-க்கு மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. வயது வரம்பு 13 முதல் 17; நம் கணக்கில் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. இந்தியாவில் 2007-ல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தினார்கள். கல்லலிலும் புதுவயலிலும் பள்ளத்தூரிலும் அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் போகும் பிள்ளைகளைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லாது. ஆகவே இந்தத் தாளைச் செட்டிநாட்டுப் பள்ளிகளில் வைத்து நடத்தினால் எது வேலை செய்யும், எது சறுக்கும், எதைச் சேர்க்க வேண்டும் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்புரை.

தாளில் என்ன இருக்கிறது

பத்துத் தொகுதிகள்: உணவு, கைகழுவுதல் முதலான சுத்தம், உடலுழைப்பு, புகையிலை, மது, பிற போதை, மனநலம், வன்முறையும் விபத்தும், பாலியல் நடத்தை, கடைசியாகப் பாதுகாப்புக் காரணிகள். எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்கும் கேள்விகள்தான். ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடலாம். பெயர் இல்லை, வரிசை எண் இல்லை.

கால அளவை வகுத்திருப்பதில்தான் இந்தத் தாளின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அடிக்கடி நடப்பதை, அதாவது சாப்பாடு, புகையிலை, மது, வகுப்பைக் கட் அடிப்பது போன்றவற்றைக் கடந்த 30 நாளுக்குக் கேட்கிறது. எப்போதாவது நடப்பதை, அதாவது அடிதடி, பெருங்காயம், தனிமை, தூக்கம் வராத அளவுக்குக் கவலை போன்றவற்றைக் கடந்த 12 மாதத்துக்குக் கேட்கிறது. உடலுழைப்புக்கு 7 நாள். "நீ புகை பிடிப்பியா?" என்று மொட்டையாகக் கேட்டால் பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது அவன் குணத்தைக் கேட்கும் கேள்வியாகிவிடுகிறது. "கடந்த 30 நாளில் எத்தனை நாள்?" என்று கேட்டு, 0, 1 அல்லது 2, 3 முதல் 5, 6 முதல் 9, 10 முதல் 19, 20 முதல் 29, 30 நாளும் என்று விடை கொடுத்தால் கை தானாக உண்மைப் பக்கம் போகும்.

பாதுகாப்புக் காரணிகள் தொகுதியை இடம் போதவில்லை என்று வெட்டிவிடத் தோன்றும். வெட்டக் கூடாத பகுதி அதுதான். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று வீட்டிலுள்ளவர்களுக்கு உண்மையில் தெரிந்திருந்ததா, உங்கள் கவலையைப் புரிந்துகொண்டார்களா, கூடப் படிப்பவர்கள் அன்பாகவும் உதவியாகவும் இருந்தார்களா என்பது போன்ற கேள்விகள் அதில் வருகின்றன. அவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் மற்ற எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

இரண்டாம் சுற்று ஏன் முதல் சுற்றை விட முக்கியம்

சி.டி.சி. தன் நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் இதே குடும்பத்துத் தாளை, ஒய்.ஆர்.பி.எஸ். என்ற பெயரில், 1991 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிறது. அங்கே 2013-ல் கடந்த 30 நாளில் மது குடித்ததாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். 2023-ல் 22 சதவீதம். அதே பத்து வருடத்தில், அன்றாட வேலையை விட்டுவிடும் அளவுக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ சோகமாகவோ நம்பிக்கையற்றோ இருந்ததாகச் சொன்னவர்கள் 30-லிருந்து ஏறி 2021-ல் 42-ஐத் தொட்டு, 2023-ல் 40-ல் நின்றார்கள். பெண் பிள்ளைகளில் மட்டும் 2021-ல் 57, 2023-ல் 53.

குடி இறங்கியிருக்கிறது, மனச்சோர்வு ஏறியிருக்கிறது. இவற்றைக் கூட்டி "ஆபத்து மதிப்பெண்" என்று ஒரே எண்ணாக ஆக்கியிருந்தால் ஒன்றை ஒன்று அடித்து, "பெரிய மாற்றமில்லை" என்று வந்திருக்கும். இங்கே நடத்துகிறவர்களும் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகவே சொல்ல வேண்டும். அது அமெரிக்காவின் கதை, அந்த எண்களை இங்கே ஒட்டவைக்க முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்: அதே கேள்வி, அதே சொல், அதே மாதம். ஒரு சொல்லை மாற்றினால்கூட முன் சுற்றோடு ஒப்பிடும் உரிமை போய்விடும்.

அப்படியே எடுத்து அச்சடித்தால் எங்கே சறுக்கும்

மதுக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். தாள் "ஒரு அளவு மது" என்று பேசுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஓர் அளவு என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம் பையனுக்குத் தெரிந்த அளவு குவார்ட்டர், கட்டிங், ஒரு பீர். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதச் சரக்கு என்றால் 77 மில்லி ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம். ஆறு அளவு. 90 மில்லி கட்டிங் மூன்று அளவு. 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால், சுமார் 26 கிராம், இரண்டரை அளவு. இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டால், ஒரு குவார்ட்டர் குடித்தவன் "ஒன்று" என்று குறிப்பான். ஒரே மூச்சில் ஆறு அளவு உள்ளே போன ஆள் மிதமான குடிகாரர் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுவார். விடைகளிலேயே "ஒரு கட்டிங் அல்லது அதற்குக் குறைவு", "ஒரு பீர்", "ஒரு குவார்ட்டர்", "அதற்கு மேல்" என்று போட்டு, அளவாக மாற்றும் வேலையைக் கணக்குப் போடும்போது நாம் செய்துகொள்வதே சரி. எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்குக் கடை, நண்பர், காசு கொடுத்து வாங்கச் சொன்ன ஆள் என்ற விடைகளோடு "விசேஷ வீட்டில் அல்லது திருவிழாவில்" என்பதையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது. சட்டம் எந்த வாசலில் ஒழுகுகிறது என்பதை இந்த ஒரு கேள்வி காட்டிவிடும்.

அடுத்து "பெற்றோர்". சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று அப்பா போய்விட, அப்பத்தாவோ ஆயாவோ வளர்க்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. "உங்கள் பெற்றோர் உங்கள் கவலையைப் புரிந்துகொண்டார்களா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை வாரத்துக்கு ஒருமுறை வீடியோ காலில் பேசும் அப்பாவை நினைத்து எழுதுவதா, தினமும் சோறு போடும் அப்பத்தாவை நினைத்து எழுதுவதா? முதலில் "கடந்த 30 நாளில் உங்களோடு ஒரே வீட்டில் இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டவர் யார்?" என்று ஒரு கேள்வி வைத்துவிட்டு, அதன்பின் "அவர்" என்றே கேட்க வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருக்கிறாரா என்பதைத் தனிக் கேள்வியாக வைக்கலாம். கிடைக்கும் விடைகளை வைத்து "தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளை" என்று முத்திரை குத்துவது மட்டும் கூடாது. வீட்டில் ஒரு பெரியவராவது பிள்ளையின் நாளைத் தெரிந்து வைத்திருக்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டிய விஷயம்.

உயரம், எடையைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்பது தாளின் முறை. நம் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் எடை தெரியாது, உத்தேசமாக எழுதுவார்கள். இந்த இடத்தை அளந்தே நிரப்ப வேண்டும். அதனால் வேறொரு நன்மையும் உண்டு, அது கீழே வருகிறது.

இங்கே உள்ள ஆபத்து, தாளில் இல்லாதது

ஒய்.ஆர்.பி.எஸ். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கும். நமக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது இவை.

இருசக்கர வாகனம். 2022-ல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தவர்கள் 17,884. நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 16 வயதில் கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மிகாத வண்டிக்குத்தான் உரிமம் உண்டு. மற்றதெல்லாம் 18-க்கு மேல். சிறார் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. வைக்க வேண்டியவை மூன்று கேள்விகள்: 30 நாளில் எத்தனை நாள் ஓட்டினீர்கள், ஓட்டியபோது எத்தனை தடவை ஹெல்மெட் போட்டீர்கள், எத்தனை நாள் ஒரே வண்டியில் மூன்று பேர் போனீர்கள். ஹெல்மெட் கேள்வியை ஓட்டாதவர்களும் நிரப்பிவிடுவார்கள். "நான் ஓட்டவில்லை" என்ற விடையை முதலாவதாகப் போட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

தண்ணீர். ஊருணியும் கண்மாயும் இல்லாத செட்டிநாட்டு ஊர் உண்டா? "கடந்த 12 மாதத்தில், பெரியவர் யாரும் உடன் இல்லாமல் ஊருணி, கண்மாய், கிணறு, குவாரிப் பள்ளம் இவற்றில் குளிக்க இறங்கியது எத்தனை முறை?" இதோடு "நிற்காமல் 25 மீட்டர் நீந்தத் தெரியுமா?" இரண்டையும் குறுக்கே வைத்துப் பார்த்தால், இறங்குகிறவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பது வரும். ஒரு ஊராட்சி உடனே கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய எண் அது.

மஞ்சுவிரட்டு. சிராவயல் மாதிரி இடங்களில் மாடு திறந்த பொட்டலில் ஓடும். வாடிவாசல் வைத்துத் தடுப்புக்குள் நடத்தும் ஜல்லிக்கட்டைப் போல வேடிக்கை பார்ப்பவரும் பிடிப்பவரும் இங்கே தனித்தனியாக நிற்பதில்லை. எனவே "மாடு பிடித்தீர்களா?" என்று மட்டும் கேட்டால் பாதிதான் வரும். "பொட்டலுக்குள் நின்றீர்களா?" என்று கேட்க வேண்டும். சிராவயலில் தை 3-ஆம் நாள் நடக்கிறது. ஆகவே இதை 30 நாள் கேள்வியாக வைத்தால் ஜனவரியில் ஒரு எண்ணும் ஜூலையில் ஒரு எண்ணும் வரும். 12 மாதக் கேள்வியாகத்தான் வைக்க வேண்டும்.

புகையிலை. தாளில் சிகரெட்டும் பிற புகையிலையும் உண்டு. மாணவர்கள் உதட்டுக்குள் வைக்கும் சின்னப் பொட்டலத்தை, அவர்கள் "கூல் லிப்" என்று சொல்வதை, அப்படியே பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் விடை வராது. அதைப் புகையிலை என்றே பல பிள்ளைகள் நினைப்பதில்லை. கல்வி நிறுவனத்துக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003 சட்டம். எங்கே கிடைக்கிறது என்ற கேள்வியும் அவசியம். முதலில் எந்த வயதில் தொட்டீர்கள் என்ற கேள்வியை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. 2019-ல் நடந்த தேசிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், சிகரெட் தொட்டவர்களில் 38 சதவீதம் பேரும், பீடியில் 47 சதவீதம் பேரும், மெல்லும் வகைகளில் 52 சதவீதம் பேரும் பத்து வயது முடிவதற்குள் தொடங்கியிருந்தார்கள். இங்கேயும் அப்படித்தான் என்றால், ஒன்பதாம் வகுப்பில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் நான்கு வருடம் பிந்திய கூட்டம்.

போன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றிய அரசு 2025-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆடுவது உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்க, கடந்த 30 நாளில் காசு கட்டி ஆடிய நாள் எத்தனை என்று ஒரு கேள்வி. இரவு 12 மணிக்கு மேல் போனில் இருந்த நாள் எத்தனை என்று இன்னொன்று.

பாலியல் நடத்தைத் தொகுதியை முதல் சுற்றில் விட்டுவிடலாம் என்பதே எங்கள் முடிவு. அதை வைத்தால் பள்ளி மொத்தத் தாளையும் மறுத்துவிடும். அதற்குப் பதில் ஒரே கேள்வி: "யாராவது உங்களிடம் தப்பாக நடந்துகொண்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" விடைகளில் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பதும் இருக்க வேண்டும். இந்த ஒரு விடையின் சதவீதமே அடுத்த வருட வேலைத் திட்டத்தை எழுதிவிடும்.

மனநிலைக்கு ஒரு சின்ன இணைப்பு

தாளின் மனநலக் கேள்விகள் பெரும்பாலும் துன்பத்தையே கேட்கின்றன. நலத்தையும் அளக்க, 1998-ல் வெளியான டபிள்யூ.எச்.ஓ-5 என்ற ஐந்து வரியைப் பின்னால் ஒட்டலாம். கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேன், அமைதியாக இருந்தேன், சுறுசுறுப்பாக இருந்தேன், எழுந்தபோது களைப்பின்றி இருந்தேன், என் நாள் எனக்குப் பிடித்த விஷயங்களால் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு வரும். ஒரு பிள்ளை 3, 2, 3, 1, 2 என்று போட்டால் கூட்டுத்தொகை 11, மதிப்பெண் 44. 50-ம் அதற்குக் கீழும் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். நான்காவது வரி, அதாவது தூங்கி எழுந்த களைப்பு, இரவு போன் கேள்வியோடு சேர்த்துப் படிக்க மிகவும் உதவும்.

தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளை எடுத்துவிடச் சொல்லிப் பள்ளிகள் கேட்கும். "கேட்டால் தோன்றிவிடும்" என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டுவிட்டு உதவி எதுவும் வைக்காமல் போவதுதான் ஆபத்து. உதவி ஏற்பாடு செய்ய முடியாத பள்ளியில் அந்தக் கேள்விகளை வைக்கக் கூடாது. ஏற்பாடு இருந்தால், கேட்காமல் விடக் கூடாது.

அனுமதி

அரசு, உதவிபெறும் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பக்கத்துக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தை அணுகலாம். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியின்படி பெற்றோர் சம்மதமும், 12 முதல் 18 வயதுப் பிள்ளையின் எழுத்துச் சம்மதமும் தனித்தனியே தேவை. படிவத்தைப் பத்து நாள் முன்னால் கொடுத்தால்தான் திரும்பி வரும். அப்பா வெளிநாட்டில் என்றால் அம்மா கையெழுத்து. அம்மாவும் ஊரில் இல்லையென்றால் வளர்க்கும் பெரியவருக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு, கூடவே பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் படிவத்தின் படம் அனுப்பி அவர்கள் பதிலை வாங்கி வைத்துக்கொள்வது.

கூகுள் படிவத்தில் நடத்திவிடலாம் என்று யோசனை வரும். வேண்டாம். மின்னஞ்சல் பதிவாகலாம், வீட்டு போனில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் தரவுக்குக் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. காகிதம் போதும்.

போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவை எல்லோரும் முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைக் கணக்கெடுப்பாளரிடம் வாய்விட்டுச் சொன்னால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அப்படிச் சொன்னால் என்ன செய்வோம் என்பதைப் பிள்ளைகளிடம் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். எழுதும் தாளில் பெயர் இருக்காது, வாயால் சொன்னால் உதவிக்கு ஆள் வருவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நடத்தும் நாள்

கணக்கெடுப்பு கெடுவது பெரும்பாலும் பெஞ்சில்தான். ஒரு பெஞ்சில் நாலு பேர், தோளோடு தோள். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கும்போது எந்தப் பையனும் "தனிமையாக உணர்ந்தேன்" என்று குறிக்க மாட்டான். குடித்ததைப் பெருமைக்காகக் கூட்டிக் குறிக்கும் ஆளும் உண்டு. தேர்வுக்கு உட்காருவது போல வராந்தாவிலும் கூடத்திலும் இடைவெளி விட்டு உட்கார வையுங்கள். ஆணும் பெண்ணும் தனித்தனி இடத்தில். ஒவ்வொருவருக்கும் விடையை மறைக்க ஓர் அட்டை. ஆசிரியர் முன்னால் உட்காரலாம், வரிசைக்குள் நடக்கக் கூடாது. முடித்தவர் தாளை மடித்து, வாயில் வெட்டு உள்ள மூடிய அட்டைப்பெட்டியில் தானே போட வேண்டும். ஆசிரியர் கையில் கொடுக்கக் கூடாது.

இதை விடப் பெரிய கேடு முதல் நாளே நடந்துவிடும். "நல்லா எழுதுங்க, நம்ம ஸ்கூல் பேரக் கெடுத்துறாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்தப் பள்ளியில் புகையிலை பூஜ்யம், குடி பூஜ்யம், சோகம் பூஜ்யம். இதைத் தடுக்க ஒரே வழி, பள்ளிவாரியாக எண் வெளியிட மாட்டோம் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுப்பது. வட்டார அளவில் மட்டும் வெளியீடு, அந்தந்தப் பள்ளியின் எண் அந்தப் பள்ளிக்கு மட்டும்.

மாதம்: ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம். அதன்பின் காலாண்டு, அரையாண்டு, பொங்கல், மாசி பங்குனித் திருவிழா, பொதுத்தேர்வு என்று இடமே இருக்காது. அன்று வராதவர்களை விட்டுவிடக் கூடாது. வகுப்புக்கு அடிக்கடி மட்டம் போடுபவர்களிடம்தான் நாம் தேடும் ஆபத்துகள் கூடுதலாக இருக்கும். இரண்டு வாரத்துக்குள் இன்னொரு நாள் வைத்து அவர்களையும் எழுத வைக்க வேண்டும்.

செலவு அதிகமில்லை. எட்டுப் பக்கம், பக்கத்துக்கு 1 ரூபாய் நகல் என்றால் 8 ரூபாய், பென்சில், அட்டை எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 15 முதல் 20 ரூபாய்க்குள். உழைப்புதான் அதிகம். ஒரு தாளைக் கணினியில் ஏற்ற 3 நிமிடம் என்றால் 400 தாளுக்கு 20 மணி நேரம். பிழை பிடிக்க இரண்டு பேர் தனித்தனியே ஏற்ற வேண்டும், ஆக 40. சி.டி.சி.யின் எபி இன்ஃபோ மென்பொருள் இலவசம். வகுப்பு வகுப்பாக எடுத்த மாதிரிக்கான கணக்கையும் அதுவே போடும்.

கணக்கில் தவறும் இடங்கள்

"ஒருபோதும் குடித்ததில்லை" என்று ஒரு கேள்வியில் குறித்துவிட்டு, அடுத்ததில் "கடந்த 30 நாளில் 3 முதல் 5 நாள்" என்று குறித்திருந்தால் இரண்டையும் விடையில்லை என்று வைக்க வேண்டும். எது உண்மை என்று நாம் ஊகிக்கக் கூடாது. தொடர்ந்து 15 கேள்விக்கு ஒரே எழுத்தைக் குறித்த தாளையும், செல்லுபடியாகும் விடை 20-க்குக் குறைந்த தாளையும் ஒய்.ஆர்.பி.எஸ். தள்ளிவிடுகிறது. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை விஷயத்தில் ஆசை வைக்கக் கூடாது. 400 பிள்ளைகளிடம் எடுத்து 20 சதவீதம் என்று வந்தால், உண்மை அதற்கு 4 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பதைக் கணக்கில் எடுத்தால் அந்த இடைவெளி ஐந்தரைப் புள்ளியாகும். அடுத்த சுற்றில் 16 என்று வந்தால் "குறைந்துவிட்டது" என்று மேடை ஏற முடியாது. 20-லிருந்து 15-ஆகக் குறைந்ததை உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 900 பேர் வேண்டும்; வகுப்பு வகுப்பாக எடுத்தால் 1,800. ஒரு பள்ளியால் ஆகாது. சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை என்று ஒன்றியங்கள் சேர்ந்து செய்தால் ஆகும். 30 பேருக்குக் குறைந்த எந்தப் பிரிவையும் வெளியிட வேண்டாம். சின்ன ஊரில் "பதினொன்றாம் வகுப்பு, பெண், அப்பா வெளிநாடு" என்று பிரித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தாளுக்குப் பின்னால் நிற்க வேண்டிய சேவைகள்

தாளை எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் கையளவு சீட்டு ஒன்று. எல்லோருக்கும் கொடுத்தால்தான் யாருக்குத் தேவை என்று வெளியே தெரியாது. சீட்டில் மூன்று எண் போதும். 14416, மனநலத்துக்கு, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 1098, குழந்தைகள் ஆபத்தில் இருந்தால். 104, மருத்துவ ஆலோசனைக்கு. இவற்றில் 14416-க்குத்தான் எங்கள் முதல் பரிந்துரை, காசில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. குறை என்னவென்றால் பிள்ளையிடம் தனி போன் இல்லை. வீட்டு போனில் பேசினால் அழைப்புப் பட்டியலில் எண் நிற்கும். பள்ளி அலுவலக போனில், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

2014-ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ் 10 முதல் 19 வயதினருக்கென அரசு மருத்துவமனைகளில் தனி ஆலோசனை மையங்கள் உண்டு. ரத்தச்சோகை, மாதவிடாய், மனநலம், போதை எல்லாம் அங்கே வரும். ரத்தச்சோகையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு அது இருந்தது. எப்போதும் சோர்வு, படிப்பில் நாட்டமில்லை என்று வரும் பிள்ளையை மனச்சோர்வு என்று முடிவு கட்டுமுன் ரத்தம் பார்க்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு பிள்ளைக்குக் குமட்டினால் வகுப்பே மாத்திரையைத் துப்பிவிடும். மதிய உணவுக்குப் பிறகு கொடுத்து, அதன்பின் ஒரு மணி நேரம் டீ குடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கு வந்து மூன்று நாள் இருக்க வேண்டும். "மனசு சரியில்லாதவங்க வாங்க" என்றால் யாரும் போக மாட்டார்கள். மேலே சொன்ன உயரம், எடை அளக்கும் வேலையை அந்த ஆலோசகர் அறையிலேயே வையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் இரண்டு நிமிடம் நிற்பார்கள். பேச விரும்பும் பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகும், வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அளந்த எண்ணைச் சின்னத் தாளில் எழுதிப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடலாம். எழுதும் நாளன்று கேள்வித்தாளில் அதைப் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள்.

இந்தத் தாள் தொடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்தோடு நிறுத்திவிட்டு அரிசி ஆலைக்கும் கொத்து வேலைக்கும் வெளியூர் ஓட்டல் வேலைக்கும் போனவர்கள், கல்யாணம் முடித்துக் கொடுக்கப்பட்ட பெண் பிள்ளைகள். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18-க்கு முன்பே மணமானவர்கள் என்று அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவர்களைப் பிடிக்க ஐ.டி.ஐ., ஊர் விளையாட்டுக் குழு, அங்கன்வாடி வழியாக வேறு கணக்கெடுப்பு வேண்டும். பள்ளி எண்ணை எடுத்து "செட்டிநாட்டு இளைஞர்கள்" என்று தலைப்புப் போடுவது தவறு.

எங்கள் பரிந்துரை: எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டவர் யார் என்ற ஒன்றைத் தவிர, மேலே சொன்ன புதிய கேள்விகளைக் கடைசியில் சேருங்கள், நடுவில் செருக வேண்டாம். மூலத் தாளின் வரிசை கலைந்தால் பிற இடங்களோடு ஒப்பிட முடியாது. 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேரிடம் முதலில் கொடுத்து, எந்தக் கேள்வியில் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்லைத் திருத்துங்கள். திருத்தம் அத்தோடு முடிய வேண்டும். தாள்களைக் கணினியில் ஏற்றிச் சரிபார்த்ததும் அழித்துவிடலாம், கேள்வித்தாளின் ஒரு பிரதியையும் நடத்திய தேதியையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். முடிவைப் பெரியவர்களுக்குச் சொல்லும் அதே வாரம் எழுதிய பிள்ளைகளுக்கும் ஒரு பக்கத்தில் சொல்லிவிடுங்கள். தாங்கள் எழுதியது எங்கே போனது என்று தெரிந்த பிள்ளைகள்தான், இரண்டு வருடம் கழித்து அதே ஆகஸ்டில் தம்பி தங்கைகளிடம் "உண்மையையே எழுது" என்று சொல்வார்கள்.